மேகம் வந்தும் மழை வராதது ஏன்?

ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் கிராம சபை கூடியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே மானாவாரி நிலங்கள் மிகுந்துள்ள ஊர் அது. வரவு செலவுக் கணக்கு படிக்கப்பட்டு, குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவை பற்றிப் பேசி முடித்தபின், முதிய விவசாயி ஒருவர் எழுந்தார்.

"ஐயா, ஆனி பிறந்தது முதல் மேகங்கள் எங்கள் தலைக்குமேல் நாள் தவறாமல் போகின்றன. அதை நம்பி நான் சோளம் விதைத்தேன். எறும்பு தின்றது போக எஞ்சிய விதை மண்ணோடு மண்ணாயிற்று. இந்தக் காற்றாலைகள்தாம் மேகத்தை விரட்டுகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவற்றை நிறுத்தும்படி தீர்மானம் போடவேண்டும்" என்றார். கூட்டத்தில் பலர் ஆமோதித்தனர்.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் வேறொரு தீர்மானமும் இருந்தது. ஊர்க் குளத்திற்கு நீர் கொண்டுவரும் ஓடையைத் தூர் வாருவது பற்றியது அது. காற்றாலைப் பேச்சு வளர்ந்துவிட்டமையால் அது அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஐப்பசி மழைக்கு இரண்டே மாதங்கள் இருக்கையில் இவ்வாறு நேர்ந்தது எனக்குக் கவலை அளித்தது. எனினும் பெரியவரின் கேள்வி நியாயமான கேள்வியே. மேகம் என்பது யாது, அது எவ்வாறு மழையாகிறது என்பதை அறிந்தாலன்றி, அது ஏன் மழையாகாமற் போகிறது என்பது விளங்காது. அன்று சுருக்கமாகக் கூற இயலாத விடையை இங்கே விரிவாகக் கூற முற்படுகிறேன்.

நீர் வாங்கும் கடன்

நீர் மூன்று நிலைகளில் உள்ளது. கண்ணுக்குத் தெரியாத ஆவி ஒன்று. ஓடும் நீர் மற்றொன்று. உறைந்த கட்டி மூன்றாவது. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு நீர் மாறும்போதெல்லாம் வெப்பம் கைமாறுகிறது. மேகத்தைப் பற்றி அறிய வேண்டிய முதல் உண்மை இதுவே.

மண்பானையில் வைத்த நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேற்புறத்தில் கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாவதற்குச் சற்றேறக்குறைய 585 கலோரி வெப்பம் தேவை. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரியே போதும் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய செலவு என்பது புலனாகும். இவ்வெப்பம் அழிந்துபோவதில்லை. ஆவி அதனைக் கடனாகப் பெற்றுத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. இதனையே உள்ளுறை வெப்பம் என்பர். ஆவி மீண்டும் நீராகும் அன்று, அக்கடன் ஒரு கலோரியும் குறையாமல் காற்றுக்குத் திருப்பித் தரப்படுகிறது. நீர் உறைந்து கட்டியாகும்போது கிராமுக்கு மேலும் 80 கலோரி வெளிப்படுகிறது.

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர் விழுகிறது. அந்நீர் வானத்தில் ஆவி நிலையிலிருந்து மாறியபோது வெளியிட்ட வெப்பம், அரை டன்னுக்கு மேற்பட்ட உலர்ந்த விறகை எரிப்பதற்கு ஒப்பாகும். இடிமேகங்கள் வானளாவ எழுவதும், புயல்கள் கடல்மீது வலிமை பெறுவதும் இவ்வெப்பத்தினாலேயே.

மேகம் ஆவியன்று

மேகம் என்றால் ஆவி என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது தவறு. ஆவி கண்ணுக்குத் தெரியாது. நம் கண்ணுக்கு மேகமாகத் தோன்றுவது, ஆவி நிலையை விட்டு ஏற்கெனவே நீராகவோ பனிக்கட்டித் துகளாகவோ மாறிவிட்ட நுண்ணிய பொருள்.

இம்மாற்றம் நிகழ்வதற்குக் காற்று குளிர வேண்டும். வெப்பமான காற்றில் ஆவி மிகுதியாக இருக்க முடியும். குளிர்ந்த காற்றில் குறைவாகவே இருக்க முடியும். ஒரு கன மீட்டர் அளவுள்ள வெளியில், 30 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 30 கிராம் ஆவி தங்கும். 20 டிகிரியில் 17 கிராமும், 10 டிகிரியில் 9 கிராமுமே தங்கும். ஆகவே ஈரக்காற்று குளிர்ந்துகொண்டே சென்றால், ஒரு கட்டத்தில் ஆவி நிரம்பிவிடும். இதனைப் பூரித நிலை என்பர். அதற்குமேல் குளிர்ந்தால் மிகுதி ஆவி நீராக மாறியே தீரும். பின்னிரவில் புல்லின்மீது பனித்துளி திரள்வது இவ்வாறே. உதகையில் மார்கழி, தை மாதங்களில் தரை உறைநிலைக்குக் கீழே குளிரும்போது, ஆவி இடையில் நீராகாமலே நேராகக் கட்டியாகப் படிகிறது. அதுவே உறைபனி. தமிழில் பனி என்னும் ஒரு சொல்லே இவை எல்லாவற்றையும் குறிப்பினும், நிகழும் மாற்றங்கள் வெவ்வேறு.

வானத்தில் காற்று குளிர்வதற்குக் காரணம் அது மேலே எழுவதேயாகும். மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. பூரிதமடையாத காற்று ஒரு கிலோமீட்டர் எழுந்தால் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். பூரிதமடைந்து மேகம் உண்டானபின், ஆவி திருப்பித் தரும் வெப்பம் காற்றுக்குக் கிடைப்பதால், நம் நாட்டு ஈரக்காற்றில் அக்குளிர்ச்சி கிலோமீட்டருக்கு 5 டிகிரி அளவிற்குக் குறைந்துவிடும். இதற்கு மறுதலையாக, காற்று கீழே இறங்கினால் அழுந்திச் சூடாகும். அப்போது மேகத்துளிகள் மீண்டும் ஆவியாகி மறையும். எழும் காற்று மேகத்தைப் படைக்கிறது. இறங்கும் காற்று அதனை அழிக்கிறது. இவ்வொரு விதியை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பெரியவரின் கேள்விக்கு விடை இதிலேயே அடங்கியுள்ளது.

தூசியின் பணி

ஆவி நீராவதற்குப் பற்றுக்கோடு ஒன்றும் தேவை. ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி ஜான் எய்ட்கன் என்பார், காற்றிலுள்ள நுண்துகள்களின் மீதே ஆவி படிந்து துளியாகிறது என்பதைக் கடந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோதனைகளால் நிலைநாட்டினார். கடல் அலை சிதறும்போது எழும் உப்புத் துகள், மண் தூசி, புகை ஆகியவை இத்துகள்களாம். ஆயினும் துகள்கள் அளவுக்கு மிஞ்சினாலும் கேடே. ஒரு பானைக் கூழைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் பசியாறும். ஆயிரம் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு துளியே கிட்டும். அதுபோலப் புகை மண்டிய காற்றில் உண்டாகும் மேகத்தில் துளிகள் மிகப் பலவாயும் மிகச் சிறியவாயும் அமைகின்றன. அத்தகைய மேகம் மழையாவது அரிது.

பத்து லட்சம் துளிகள்

மேகம் உண்டாவது முதற் படியே. மேகத்துளி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். இத்துளி விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்திலேயே விழும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் அது தரையை அடையப்போவதில்லை. மேகத்தின் அடியைவிட்டு நீங்கிய சில மீட்டர்களுக்குள்ளேயே ஆவியாகிவிடும். எழும் காற்றோ அதனை எளிதாகத் தாங்கி நிறுத்திவிடும்.

மழைத்துளி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதாவது நூறு மடங்கு. பருமனைக் கணக்கிட்டால் 10 லட்சம் மடங்காகும். பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுகூடினாலன்றி ஒரு மழைத்துளி பிறவாது. சிறு மேகமொன்றின் ஆயுள் பெரும்பாலும் அரைமணி நேரமே. அதற்குள் இவ்வளவு வளர்ச்சி நிகழவேண்டும். ஆவி மேலும் மேலும் படிவதால் மட்டும் இது கைகூடாது. இயற்கை இதற்கு இரு வழிகளைக் கையாள்கிறது.

முதல் வழி மோதிச் சேர்தல். எல்லாத் துளிகளும் ஒரே அளவினவாயின் ஒரே வேகத்தில் மிதக்கும், ஒன்றோடொன்று மோதா. ஆனால் பெரிய உப்புத் துகளைப் பற்றிப் பிறந்த துளி சற்றுப் பெரிதாக இருக்கும். அது விரைந்து விழுகையில் வழியிலுள்ள சிறு துளிகளை விழுங்கி வளரும். வளர வளர இன்னும் விரைவாக விழும். ஈரம் செறிந்த, போதிய தடிப்புள்ள மேகத்தில் இது நன்கு நிகழும். கடலிலிருந்து வரும் நம் பருவமேகங்களில் பெய்யும் மழையில் பெரும்பகுதிக்கு இவ்வழி துணைபுரிகிறது.

இரண்டாவது வழி பனிக்கட்டி வழி. நம் நாட்டில் தரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரியை எட்டிவிடுகிறது. அதற்குமேல் எழும் மேகத்தில் நீர் உடனே உறைந்துவிடும் என்று எண்ணுவோம். வியப்பு யாதெனில், மேகத்துளிகள் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி, 20 டிகிரி குளிர்ந்தும் நீராகவே இருக்கக்கூடும். துணைபுரியும் துகள் கிடைக்காவிடில், உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியை நெருங்கும் வரையிலும் அவை நீராகவே நிற்கும். இத்தகைய மேகத்தில் ஒரு சில பனிக்கட்டித் துகள்கள் தோன்றிவிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. நீரின்மீது ஆவி நிரம்பி நிற்கும் அதே காற்று, பனிக்கட்டிக்கு மிகையாக நிரம்பிய காற்றாகும். ஆகவே ஆவி பனிக்கட்டியின் மீது விரைந்து படியும். அதனால் காற்றில் ஆவி குறையவே, சுற்றியுள்ள நீர்த்துளிகள் ஆவியாகி அக்குறையை நிரப்பும். நீர்த்துளிகள் மெலிய மெலியப் பனிக்கட்டி பெருக்கிறது. கனத்துக் கீழே இறங்குகையில் அது உருகி மழையாகிறது.

இக்கருத்தின் வித்தை 1911ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெட் வேகனர் வெளியிட்டார். 1922ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகருக்கு அருகே, குன்றின் மேலுள்ள மரங்களிடையே உலவிய தோர் பெர்ஜெரோன் என்னும் ஸ்வீடன் நாட்டு வானிலை அறிஞர் ஒன்றைக் கவனித்தார். குளிர் உறைநிலைக்கு மேலே இருந்த நாட்களில் மூடுபனி மரங்களிடையே தரைவரை இறங்கி நின்றது. உறைநிலைக்குப் பல டிகிரி கீழே சென்ற நாட்களிலோ மரங்களின் இடைவெளி தெளிந்திருந்தது. மரக்கிளைகளில் படிந்திருந்த உறைபனியே மூடுபனித் துளிகளின் ஈரத்தைக் கவர்ந்துகொண்டது என அவர் உய்த்துணர்ந்தார். வானத்து மேகத்திலும் இதுவே நிகழக்கூடும் என்று பின்னர் விரித்துரைத்தார். நம் ஊரில் கோடை இடியுடன் விழும் ஆலங்கட்டி, இத்தகைய உயர்ந்த மேகங்களில் உறையாத குளிர்நீர் கட்டியின்மீது அடுக்கடுக்காக உறைந்து வளர்வதால் உண்டாவது.

மலைக்கு அப்பால்

இனி நம் ஊருக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி எழுகிறது. எழும் காற்று 28 டிகிரி வெப்பமுடையதெனக் கொள்வோம். அரை கிலோமீட்டர் எழுந்ததும் 23 டிகிரிக்குக் குளிர்ந்து மேகமாகிறது. மேலும் ஒன்றரை கிலோமீட்டர் எழுந்து, 2 கிலோமீட்டர் உயரமுள்ள மலைமுகட்டில் 15 அல்லது 16 டிகிரியை அடைகிறது. இவ்வழியில் திரண்ட நீரை அது மலையிலேயே பெய்துவிடுகிறது. வால்பாறைப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது இதனால்தான்.

முகட்டைக் கடந்த காற்று, 400 மீட்டர் உயரமுள்ள நம் சமவெளிக்கு இறங்குகிறது. மேகத்துளிகள் மறைந்தபின் கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடாகி, தரையை அடையும்போது 31 டிகிரிக்கு மேற்படுகிறது. ஈரத்தின் ஒரு பகுதியை இழந்து, வெப்பம் கூடி வந்த காற்று பூரித நிலையிலிருந்து வெகுதொலைவு விலகிவிடுகிறது. அது மேகத்தை வளர்ப்பதில்லை, உலர்த்துகிறது. கணவாய் வழியே வரும் காற்றுக்கோ ஏறுவதற்கு மலையே இல்லை. அது எழாமலே புகுந்து சமவெளியில் விரைகிறது. நாம் தலைக்குமேல் காணும் மேகங்கள் பெரும்பாலும் தடிப்பற்றவை, துளிகள் சிறியவை, ஆயுள் குறைந்தவை. அவற்றில் ஒன்றிரண்டு தூறல் விழினும், வரும் வழியிலுள்ள வறண்ட காற்றிலேயே ஆவியாகிவிடுகிறது. கோவை, பல்லடம் சமவெளிக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் வரையே. இதனை மழைமறைவுப் பகுதி என்பர்.

காற்றாலைகளின் மீது சாட்டப்படும் குற்றத்தை இப்போது ஆராய்வோம். பெரிய காற்றாலைகளின் இறக்கை நுனியும் 200 மீட்டர் உயரத்தை ஒட்டியே நிற்கிறது. நம் மேகங்களின் அடிமட்டமோ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ உள்ளது. இறக்கை காற்றை முன்னோக்கித் தள்ளுவதில்லை. காற்றே இறக்கையைத் தள்ளுகிறது. காற்றாலைகள் வருவதற்கு முன்பும் இப்பகுதி மழை குறைந்த பகுதியாகவே இருந்தது. கணவாய் வழியே காற்று விசையோடு வீசும் இடமாதலின் காற்றாலைகள் இங்கு வந்தன. காற்றாலைகள் வந்தமையால் மழை குறைந்ததன்று. காரணத்தையும் அடையாளத்தையும் நாம் மாற்றிக் கொள்ளலாகாது.

செயற்கை மழை பெய்விக்கலாகாதா?

"மருந்து தூவி மேகத்தைப் பெய்விக்கலாமே" என்று இளைஞர் ஒருவரும் அக்கூட்டத்தில் கேட்டார். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேபர் என்பார், குளிர்ப்பெட்டியில் உண்டாக்கிய மேகத்தில் உறைந்த கரியமில வாயுவை இட்டவுடன் பனிக்கட்டித் துகள்கள் பல்கிப் பெருகியதைக் கண்டார். அதே ஆண்டு விமானத்திலிருந்து மேகத்தில் அதனைத் தூவியும் பார்த்தார். அவருடன் பணியாற்றிய பெர்னார்டு வானகட், சில்வர் அயோடைடு என்னும் உப்பும் இப்பணியைச் செய்யும் எனக் கண்டார். நம் நாட்டில் 2018, 2019ஆம் ஆண்டுகளில், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார், மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் ஈரம் ஈர்க்கும் துகள்களை மேகங்களில் தூவி ஆராய்ந்தனர். காற்றுப்போக்கில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழை சுமார் 18 சதவிகிதம் கூடியதாக அறிவித்தனர்.

இது ஊக்கந்தரும் செய்தியே. எனினும் தூவிய துகள் பெய்யும் நிலையை நெருங்கிய மேகத்திற்கே துணைபுரியும். இல்லாத மேகத்தைப் படைக்கவோ, இறங்கும் காற்றில் கரையும் மேகத்தைக் காக்கவோ அதனால் இயலாது. வாய்ப்பான மேகத்தைத் தேர்ந்தெடுக்க விமானமும் ராடாரும் அறிஞர் குழுவும் வேண்டும். ஓர் ஊராட்சி தன் விதைப்பை இதனை நம்பி நடத்த முடியாது.

நம் கையில் உள்ளவை

மேகம் நம் கையில் இல்லை. விழுந்த துளி நம் கையில் உள்ளது. அதனைக் காக்கும் வழிகள் எளியவை.

முதலாவது, மேகத்தைக் கண்டு விதைக்கலாகாது. மண்ணைக் கண்டு விதைக்க வேண்டும். நிலத்தை ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்து, அடிவரை நனைந்திருந்தாலன்றி விதையை இடாதிருத்தல் நலம். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வெளியிடும் அறிவுரைகளையும் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, மழையை அளந்து எழுத வேண்டும். அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள பாத்திரமொன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதிலுள்ள நீரின் ஆழத்தை அளவுகோலால் பார்த்துக் குறித்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் இதனை மகிழ்வுடன் செய்வர். பத்தாண்டுக் கணக்கு இருக்குமாயின், நம் ஊருக்கு மழை எப்போது வரும் என்பதை வதந்தியிடம் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நமக்குரிய மழையை வரவேற்க ஆயத்தமாக வேண்டும். தமிழ்நாட்டு மழையில் சற்றேறக்குறைய பாதியைத் தருவது வடகிழக்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிலிருந்து வரும் காற்று வேறு வகையானது. தாழ்வு நிலைகளில் அது எழுகிறது. மேகங்கள் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் ஓங்குகின்றன. மோதிச் சேரும் வழியும் பனிக்கட்டி வழியும் ஒருசேரச் செயற்படுகின்றன. அம்மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர் நீராகும். வரப்பை உயர்த்தி, சரிவுக்குக் குறுக்கே உழுது, பண்ணைக்குட்டை வெட்டி வைத்திருப்போர் அதனைப் பெறுவர். மற்றவர் நிலத்தில் அது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். வெட்டவெளிக் குளத்திலிருந்து கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேலும் நீர் ஆவியாகும் ஆதலால், மண்ணுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் இறங்கிய நீரே நெடுநாள் நிற்கும்.

மலையில் விழுந்த மழையும் நமக்கு முற்றிலும் அயலானதன்று. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் தொடங்கப்பட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம், மலைக்கு அப்புறம் பெய்த நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் இப்புறம் திருப்பி, உடுமலை, பல்லடம் வயல்களுக்குக் கொண்டுவந்தது. தலைக்குமேல் நிற்காமற் போன மேகத்தின் பங்கை வாய்க்கால் வழியே பெற்ற முன்னோர் யாரையும் பழித்து நேரம் போக்கவில்லை. மண்வெட்டி எடுத்தனர்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2ஆம் நாள் கூடுகிறது. பெரியவர் விதையையும் கூலியையும் இழந்தவர். அவருக்கு நாம் கூறும் ஆறுதல் மெய்யானதாயும் பயனுள்ளதாயும் இருத்தல் வேண்டும். காற்றாலையை நிறுத்தும் தீர்மானம் ஒரு துளி மழையையும் தராது. ஓடையைத் தூர் வாரும் தீர்மானம் நிறைவேறி, அப்பணி ஐப்பசிக்குள் முடியுமாயின், வரும் மழையில் அவருடைய கிணற்றில் நீர் ஊறும். எந்தத் தீர்மானத்திற்குக் கை உயர்த்துவது என்பதை ஊரார் சிந்தித்து முடிவு செய்வார்களாக.